தினம் ரெண்டு ஜி.பி... ஒரு கொலை

படப்பையைத் தாண்டி உள்ளே போனால், யாரும் கல் உடைக்காத ஒரு பழைய கல்குவாரி உண்டு.

செவ்வாய்க்கிழமை காலை அந்தப் பக்கம் ஆடு ஓட்டி வந்தவர், பச்சைத் தண்ணீரில் ஒரு நீலச் சட்டை மிதப்பதைப் பார்த்தார்.

நல்ல சட்டையாகத் தெரிந்தது.

துரட்டிக் கோலை நீட்டி இழுத்தார்.

கனத்தது...

சட்டைக்குள் ஆள் இருந்தான்.

பர்ஸில் இருந்த அட்டை, செத்தவனின் பெயர் பிரணவ் என்றது. நாவலூரில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் இன்ஜினீயர். முப்பது வயது ஆகவில்லை. மேலே, குவாரியின் விளிம்புக்குப் பக்கத்தில் அவனுடைய பைக் ஸ்டாண்டு போட்டுச் சமர்த்தாக நின்றுகொண்டிருந்தது. அடிதடி நடந்த அடையாளம் ஏதுமில்லை. செல்ஃபி எடுக்கப் போய் வழுக்கியிருப்பான் என்று கூட்டத்தில் ஒருவர் சொன்னார். பக்கத்திலிருந்தவர் உச்சுக் கொட்டினார். ஜீப் வந்து சேருவதற்குள் ஊரே தீர்ப்பை எழுதி முடித்திருந்தது.

அந்தத் தீர்ப்பில் மிகவும் நிம்மதி அடையப்போகிறவன், அப்போது ராஜகீழ்ப்பாக்கத்தில் தன் வீட்டில் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

ஷ்யாம்சுந்தர்.

பிரணவின் மேனேஜர்.

பிரணவைக் கொன்றவன்.

ஆபீஸிலிருந்து போன் வந்தது. கேட்டான். கையிலிருந்த இட்லியைத் தட்டிலேயே வைத்தான். முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று இரண்டு நாளாகக் குளியலறைக் கண்ணாடியில் பழகி வைத்திருந்தான். அந்தப் பழக்கம் தேவைப்படவே இல்லை. நிஜமாகவே கண்ணீர் வந்தது.

அந்தப் பையனை அவனுக்கு உண்மையிலேயே பிடிக்கும். அதுதான் விசேஷம்.

"பிரணவா?" என்றாள் மனைவி ரோஹிணி. சமையலறை வாசலிலேயே நின்றுவிட்டாள். "போன மாசம் நம்ம வீட்டுக்கு வந்து, வத்தக்குழம்பை ரெண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டானே... அந்தப் பையனா?"

ஷ்யாம்சுந்தர் தலையை மட்டும் அசைத்தான்.

பிடித்த பையனை எதற்காகக் கொல்ல வேண்டும்?

ஒரு பொய்க்காக. அதுவும் பழைய பொய்.

பல வருடங்களுக்கு முன்னால், வேலை கிடைக்காமல் அலைந்த காலத்தில், மாடியில் போர்டு வைத்திருந்த ஒரு கன்சல்டன்சியில் ஷ்யாம்சுந்தர் ஓர் அனுபவச் சான்றிதழை விலைக்கு வாங்கினான். பெரிய டெலிகாம் கம்பெனி ஒன்றில் ஐந்து வருடம் வேலை பார்த்ததாக அது சொன்னது. அந்தக் கம்பெனியின் வாசல்படியைக்கூட அவன் மிதித்ததில்லை. ஆனால் அந்தத் தாள் வேலை வாங்கித் தந்தது. வேலை பெண் வாங்கித் தந்தது. பெண் பார்க்கப் போனபோது, ரோஹிணியின் அப்பா அந்தக் கம்பெனியின் பெயரைக் கேட்ட பிறகுதான் சாய்ந்து உட்கார்ந்திருந்தவர் நிமிர்ந்தார். அப்புறம் ஃப்ளாட், கார், மேனேஜர் பதவி. எல்லாம் அந்த ஒரு தாளின் மேல் கட்டிய மாடிகள்.

அந்தத் தாளில் இருந்த கம்பெனியிலிருந்தே புதிதாக ஒருவன் அவன் டீமில் வந்து சேருவான் என்று யார் கண்டது?

பிரணவ் வந்தான். வந்த வாரமே கேன்டீனில் சந்தோஷமாக விசாரித்தான். எந்த மாடியில் இருந்தீர்கள் என்று கேட்டான். இரண்டாவது என்றான் ஷ்யாம்சுந்தர். இரண்டாவது மாடியில் வெறும் ஜெனரேட்டரும் ஸ்டோர் ரூமும்தானே என்று பிரணவ் சிரித்தான். ஷ்யாம்சுந்தரும் கூடவே சிரித்தான். அன்று மத்தியானம் அவனுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

ஆயுத பூஜைக்கு முந்தின வாரம், பிரணவ் அவனை வண்டி நிறுத்தும் இடத்துக்குத் தனியாகக் கூப்பிட்டான்.

"அண்ணா, தப்பா எடுத்துக்காதீங்க. அங்க இருக்கற பழைய ஆளுங்க கிட்ட கேட்டேன். உங்க பேரு ஒருத்தருக்கும் தெரியல."

பக்கத்தில் யாராவது இருக்கிறார்களா என்று ஷ்யாம்சுந்தர் சுற்றிலும் பார்த்தான்.

"நான் யார் கிட்டயும் சொல்லலண்ணா. ஆனா அடுத்த ஆடிட்டுக்கு டீம் விவரத்துல நான் கையெழுத்துப் போடணும். பொய்யின்னு தெரிஞ்சுகிட்டே எப்படிப் போடறது? நீங்களே ஹெச்.ஆர் கிட்டப் போய் சொல்லிடுங்க. தீபாவளி வரைக்கும் நான் வாயைத் திறக்க மாட்டேன்."

அண்ணா என்று மரியாதையாகக் கூப்பிட்டு, கெடுவும் வைத்துவிட்டான்.

அன்று மாலை மேடவாக்கம் டிராஃபிக்கில் காருக்குள் உட்கார்ந்தபடியே ஷ்யாம்சுந்தர் யோசித்தான். சிக்னல் பச்சையானபோது முடிவு எடுத்திருந்தான்.

பிரணவ் தன் பெற்றோருக்காகப் படப்பைப் பக்கம் மனை தேடிக்கொண்டிருந்தான். ஆபீஸில் எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தான். அதுதான் தூண்டில். 'அன்பு' என்ற பெயரில் ஒரு மெயில் ஐ.டி. மஸ்கட்டில் வேலை பார்க்கும் ஆள்... ஊரில் இருக்கும் மனையை அவசரமாக விற்கிறார்... லீவில் வருகிறார்... ஞாயிற்றுக்கிழமை காலை நேரில் வந்து பார்க்கலாம். நாலே நாலு மெயில் போதும்.

அனுப்புவது எதிலிருந்து?

வீட்டு ஃபைபர் அவன் பெயரில் இருக்கிறது. ஆபீஸ் நெட்டில் தும்மினால்கூடப் பதிவாகும். செல்போன் வேண்டவே வேண்டாம். பிரவுசிங் சென்டரில் தலைக்கு மேல் கேமரா.

ஆகவே, பரணில் கிடந்த பழைய லாப்டாப். அதில் செருகி நெட் எடுக்க ஒரு டாங்கிள். அந்த டாங்கிளுக்கு யார் பெயரிலோ ஒரு சிம்.

இங்கேதான் ஷ்யாம்சுந்தரின் சுபாவம் குறுக்கே வந்தது.

அவன் எதையும் ஒப்பிட்டுப் பார்க்காமல் வாங்க மாட்டான். துவரம்பருப்பு வாங்கவே மூன்று ஆப்களைத் திறந்து வைத்துக்கொள்வான். கொலைக்கு நெட் வாங்குவது மட்டும் எப்படி விதிவிலக்காகும்?

வாரம் முழுக்க ஆராய்ச்சி நடந்தது. ஒரு கம்பெனிக்கு நாவலூரில் அருமையான டவர்... ராஜகீழ்ப்பாக்கத்தில் பால்கனிக்கு வந்து கையைத் தூக்கினால்தான் ஒரு கோடு தெரியும். இன்னொன்று வேகம், ஆனால் விலை. மூன்றாவது மலிவு, ஆனால் சாயங்காலமானால் படுத்துவிடும். போஸ்ட்பெய்டு கூடாது... பில் வீடு தேடி வரும். பிரீபெய்டுதான். அதிலும் வெறும் டேட்டா பேக் போட்டால் அடிப்படை பிளான் இல்லாமல் ஓடாது. மொத்தமாக டேட்டா வாங்குவதா, தினசரிக் கணக்கா?

நாலு மெயில் அனுப்ப மிகச் சின்ன பேக்கே அதிகம். அது அவனுக்கும் தெரியும்.

ஆனால் ஒரு ஜி.பி.க்கு என்ன விலை விழுகிறது என்று வகுத்துப் பார்த்தால், நீண்ட வேலிடிட்டியோடு தினம் ரெண்டு ஜி.பி. தருகிற பிளான்தான் லாபம்!

மேற்குத் தாம்பரம் சண்முகம் சாலையில் சேட்டு என்பவரின் மொபைல் கடை. ஷ்யாம்சுந்தர் மாஸ்க்கும் தொப்பியுமாகப் போய் நின்றான். வந்த வேலையைச் சட்டென்று முடித்துக்கொண்டு கிளம்பியிருந்தால் இந்தக் கதையே இல்லை. அவனோ கண்ணாடிப் பெட்டியிலிருந்த ஒவ்வொரு டாங்கிளையும் வெளியே எடுக்கச் சொன்னான். எது சூடாகும் என்று கேட்டான். வாரண்டியை விசாரித்தான். ஒவ்வொரு பிளானையும் சேட்டு வாயாலேயே சொல்ல வைத்து, அதில் இரண்டு இடத்தில் திருத்தமும் சொன்னான். பின்னால் நின்ற வாடிக்கையாளர்கள் அலுத்துப்போய் அடுத்த கடைக்கு நகர்ந்தார்கள்.

"இன்னா சார்," என்றார் சேட்டு, பொறுமை தீர்ந்து. "லாப்டாப்புக்கு நெட்டு தான கேக்குற? கொலை பண்ணப் போறவன் மாரி இம்மாந்நேரம் யோசிக்கிற?"

ஷ்யாம்சுந்தருக்கு ஒரு கணம் மூச்சு நின்றது.

சேட்டு சிரித்த பிறகுதான் அது ஜோக் என்று புரிந்தது.

சிம்முக்கு ஆதார் கேட்டார். எடுத்து வரவில்லை என்றான். சேட்டு தெருவை இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தார். ஏற்கெனவே ஆக்டிவேட் பண்ணிய சிம் இருக்கிறது, விலை கொஞ்சம் மேலே ஆகும் என்றார். பெரும்பாக்கத்துக் குடியிருப்பிலிருந்து சிம் வாங்க வந்த ஒரு அம்மாவிடம், கைரேகை முதல் தடவை விழவில்லை என்று சொல்லி இரண்டாவது முறையும் வாங்கிப் போட்ட சிம் அது. அந்த அம்மாவுக்கே தெரியாது.

ஷ்யாம்சுந்தர் அதற்கும் பேரம் பேசினான். டாங்கிளுக்கு ஒரு ஜிப் வைத்த பையை இலவசமாக வாங்கிக்கொண்டான்.

பணமாகவே கொடுத்தான். போனில் ஸ்கேன் பண்ணினால் கேஷ்பேக் உண்டு என்று கல்லாவுக்கு மேலே எழுதி ஒட்டியிருந்தது. அதைப் படித்துப் பெருமூச்சு விட்டான். தன் பாதுகாப்புக்காக அவன் செய்த ஒரே தியாகம் அந்தக் கேஷ்பேக்தான்.

மற்றதெல்லாம் திட்டப்படி நடந்தது.

அன்பு எழுதினார். பிரணவ் உடனே பதில் போட்டான். அன்பு ஞாயிற்றுக்கிழமை வரச் சொன்னார். பிரணவ் வந்தான். குவாரியின் மேட்டில் நின்றவனைப் பார்த்து ஆச்சரியப்பட்டான்.

"அண்ணா, நீங்களும் இடம் பாக்க வந்தீங்களா?"

"ஆமாடா. எல்லைக் கல் அந்தப் பக்கம் இருக்காம். வா, காட்டறேன்."

பிரணவ் விளிம்புக்கு வந்து எட்டிப் பார்த்தான்.

அவ்வளவுதான்.

திரும்பும் வழியில் சிம்மை இரண்டாக உடைத்துச் செம்பாக்கம் ஏரியில் போட்டான் ஷ்யாம்சுந்தர். பழைய லாப்டாப்பின் ஹார்டு டிஸ்க்கை முந்தின நாளே சுத்தியலால் தட்டி முடித்திருந்தான். மிச்சம் இருந்தது டாங்கிள் மட்டும்.

கையை ஓங்கினான்...

கை வரவில்லை. புத்தம் புதுசு. ஒரு வருட வாரண்டி வேறு. சிம் போன பிறகு டாங்கிள் வெறும் பிளாஸ்டிக்தானே, அதற்கு என்ன பேசத் தெரியும் என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டு, ஜிப் வைத்த பையில் போட்டுக்கொண்டான்.

இரங்கல் கூட்டத்தில் ஷ்யாம்சுந்தர்தான் பேசினான். எல்லோரும் அழுதார்கள்.

செல்ஃபி தீர்ப்பு வெகுநாள் நிற்கவில்லை. பிரணவின் மெயில்களைப் படித்த போலீஸ், அன்பு என்ற ஆளும் இல்லை, அந்த மனையும் இல்லை என்று கண்டுபிடித்தது. மெயில் கிளம்பிய சிம்மைத் தேடிப்போனது. பெரும்பாக்கத்தில் நூர் பீவி என்ற பெண்மணியிடம் விசாரணை என்று செய்தி வந்தது. காலையில் ஆப்பம் சுட்டு விற்கிறவர். வீட்டில் லாப்டாப் என்று எதுவும் இல்லை.

ஷ்யாம்சுந்தர் அந்தச் செய்தியைப் படித்தான். ஐயோ பாவம் என்று நினைத்தான். பிறகு கிரிக்கெட் செய்திக்கு நகர்ந்தான்.

தீபாவளி வந்தது. கெடு வைத்தவன் இல்லாத தீபாவளி. தைரியமாகப் புதுச்சட்டை போட்டுக்கொண்டான்.

கார்த்திகை மாதம் தெருவில் மழைநீர் வடிகால் தோண்ட ஆரம்பித்தார்கள். தோண்டிய முதல் நாளே ஃபைபர் கேபிள் அறுந்தது.

ரோஹிணி வீட்டிலிருந்தபடியே லாப்டாப்பில் வெளிநாட்டுக் குழந்தைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். கல்யாணமான இத்தனை வருடத்தில் அவளாகத் தொடங்கி, அவளாக வளர்த்த ஒரே காரியம் அது. பாதி வகுப்பில் திரை உறைந்தது. போன் ஹாட்ஸ்பாட் போட்டுப் பார்த்தாள்... போன் கொதித்து அணைந்தது. மூன்று வகுப்பு ரத்தானதும், இரண்டு பெற்றோர்கள் வேறு டீச்சர் பார்த்துக்கொள்வதாக எழுதிவிட்டார்கள். அவள் பால்கனியில் உட்கார்ந்து சத்தமில்லாமல் அழுததை ஷ்யாம்சுந்தர் பார்த்தான்.

தாங்கவில்லை அவனுக்கு.

அலமாரியைத் திறந்து டாங்கிளை எடுத்தான். ரோஹிணியின் ஆதாரைக் கொடுத்து முறைப்படி ஒரு புது சிம் வாங்கிப் போட்டான். பிளானைத் தேர்ந்தெடுப்பதில் இந்த முறை சிரமமே இல்லை. ஆராய்ச்சிதான் முன்பே முடிந்துவிட்டதே.

"எவ்வளவு யோசிச்சுச் செய்யறீங்க எனக்காக," என்றாள் ரோஹிணி.

சனிக்கிழமை காலை. அழைப்பு மணி.

வாசலில் காக்கி உடுப்பில் ஒரு பெண். நாற்பது வயது இருக்கும். கரகரத்த குரல், சலித்த முகம். கூடவே ஒரு கான்ஸ்டபிள்.

"இன்ஸ்பெக்டர் ஜெரூஷா. ரோஹிணிங்கறது யாரு?"

ஷ்யாம்சுந்தரின் முதுகில் வியர்வை இறங்கியது. ஆனால் இன்ஸ்பெக்டர் அவனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேராக மேஜைமேல் இருந்த லாப்டாப்பிடம் போனார். டாங்கிளைச் சுட்டிக்காட்டினார். தீபாவளி முடிந்த வாரம் கூடுவாஞ்சேரியில் ஒரு குடோனை உடைத்து, பெட்டி பெட்டியாக டாங்கிள் திருடிவிட்டார்கள் என்றும், திருட்டு மால் எங்கெங்கே ஓடுகிறது என்று தேடியதில் இந்த வீடும் சிக்கியது என்றும் சொன்னார்.

ஷ்யாம்சுந்தருக்குச் சிரிப்பே வந்துவிட்டது. திருட்டுக் கேஸ்! வெறும் திருட்டுக் கேஸ்!

அந்த நிம்மதியில்தான் அவனுடைய மூளை கதவைச் சாத்திக்கொண்டு தூங்கப் போனது.

"மேடம், இது திருட்டுப் பொருள் இல்ல. நான் கடையில வாங்கினது."

"எப்ப வாங்கினீங்க?"

"ஆயுத பூஜை சமயத்துலயே வாங்கிட்டேன். அப்பவே என் கையில இருக்கு. உங்க குடோன் திருட்டு தீபாவளிக்கு அப்புறம்தானே?"

"பில்?"

பில் இல்லை. பணமாகக் கொடுத்தது என்றான். திருட்டு மால் வைத்திருக்கிற எல்லோரும் இதே பதிலைத்தான் சொல்கிறார்கள் என்று ஜெரூஷா அலுத்துக்கொண்டார். சிம் ரோஹிணி பெயரில் இருப்பதால் ரோஹிணி ஸ்டேஷனுக்கு வர வேண்டும் என்றார். மாடிப்படியில் அக்கம்பக்கத்துத் தலைகள் தெரிய ஆரம்பித்தன. திரையில் எங்கோ ஒரு குழந்தை, "மிஸ்... மிஸ்..." என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தது. ரோஹிணி லாப்டாப்பை மூடினாள்.

"நான் என்ன பண்ணேன்?" என்று கணவனைத்தான் கேட்டாள்.

ஷ்யாம்சுந்தருக்கு உள்ளே ஏதோ உடைந்தது. இந்த ஒருத்தியை மட்டும் யாரும் குற்றவாளியைப் போலப் பார்க்கக் கூடாது.

"மேடம், அவளை விட்டுடுங்க. கடைக்காரன் கிட்டயே கூட்டிட்டுப் போறேன். அவன் சொன்னா நம்புவீங்களா?"

ஜெரூஷா யோசித்தார். சரி என்றார், அரை மனதாக.

ஷ்யாம்சுந்தர் டாங்கிளைக் கழற்றி ஜிப் பையில் போட்டு எடுத்துக்கொண்டான். ஜீப் கிளம்பியது. ரோஹிணி வீட்டில் இருக்க மறுத்து, கூடவே ஏறிக்கொண்டாள். தாம்பரம் சப்வேயில் ஜீப் நின்றபோது, ஷ்யாம்சுந்தருக்கு ஒரே ஒரு சந்தேகம் எட்டிப் பார்த்தது. சேட்டு அந்த சிம்மைப் பற்றிச் சொல்லிவிட்டால்?

எப்படிச் சொல்வான்? கள்ள சிம் விற்றவன், போலீஸ் எதிரில் வாயைத் திறப்பானா? திறந்தால் அவன்தான் உள்ளே போவான். கணக்கு சரியாக இருந்தது. சந்தேகம் அடங்கியது.

கடையில் சேட்டு அவனை ஏற இறங்கப் பார்த்தார். கான்ஸ்டபிள் தன் போனைத் தூக்கிப் பிடித்து வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார். திருட்டுக் கேஸில் இதெல்லாம் வழக்கம் போலிருக்கிறது என்று ஷ்யாம்சுந்தர் நினைத்துக்கொண்டான்.

"தெர்லயே மேடம்," என்றார் சேட்டு. "டெய்லி எத்தினியோ பேரு வராங்கோ. இந்த சார நான் பாத்த மாரியே இல்ல."

ஷ்யாம்சுந்தர் பதறினான்.

"நல்லா யோசிங்கண்ணா. ஆயுத பூஜைக்கு முன்னாடி. மாஸ்க் போட்டிருந்தேன்."

"மாஸ்க்கு போட்டுகினு ஊர்ல பாதிப் பேரு வராங்க சார்."

விடவில்லை ஷ்யாம்சுந்தர். சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து மூக்கையும் வாயையும் மூடிக் காட்டினான். எந்த டாங்கிள் சூடாகும் என்று கேட்டதை நினைவூட்டினான். எந்தெந்தப் பிளானில் திருத்தம் சொன்னான் என்று ஒப்பித்தான். சேட்டு உதட்டைப் பிதுக்கிக்கொண்டே இருந்தார். கடைசியில் ஷ்யாம்சுந்தர் டாங்கிள் இருந்த அந்த ஜிப் பையை எடுத்து மேஜைமேல் போட்டான்.

"இதை இலவசமா வேணும்னு உங்க கிட்ட சண்டை போட்டேனே..."

சேட்டுவின் கண்கள் விரிந்தன.

"அட... நீயா சார் அது!"

ஷ்யாம்சுந்தர் வெற்றியோடு இன்ஸ்பெக்டரைத் திரும்பிப் பார்த்தான்.

"மறக்க முடியுமா மேடம்? மத்தியானம் பூரா என் உயிர எடுத்துட்டாரு. பேஜாரா பூட்ச்சி. இந்த டாங்கிள் நம்ம கடை மாலு தான். ஆயுத பூஜைக்கு முந்தியே வாங்கிகினாரு, சத்தியமா."

"கேட்டீங்களா மேடம்?" என்றான் ஷ்யாம்சுந்தர்.

"கேட்டேன்," என்றார் ஜெரூஷா. "சேட்டு, டாங்கிள் மட்டும்தான் வாங்கினாரா?"

சேட்டு தலையைச் சொறிந்தார். கான்ஸ்டபிளைப் பார்த்தார். பிறகு இன்ஸ்பெக்டரைப் பார்த்தார்.

"அதான் மேடம்... அன்னிக்கு ஸ்டேஷன்ல வெச்சு நீ கேட்டியே. பெரும்பாக்கம் நூர் பீவியம்மா பேர்ல போட்ட சிம்ம யாருக்கு வித்தேன்னு. மூஞ்சி ஞாபகம் இல்லன்னு சொன்னேன்ல..."

கையை நீட்டினார்.

"இவரு தான் மேடம். சிம்மும் டாங்கிளும் ஒண்ணாத் தான் வாங்கிகினு போனாரு."

சண்முகம் சாலையில் அத்தனை ஹாரன் சத்தம். ஷ்யாம்சுந்தரின் காதில் ஒன்றுகூட விழவில்லை.

"எந்த... எந்த சிம்?"

ஜெரூஷாவின் முகத்தில் இருந்த சலிப்பு போன இடம் தெரியவில்லை.

"நூர் பீவி என் கையைப் பிடிச்சு அழுதாங்க சார். மெயில்னா என்னன்னே தெரியாதுன்னு. அவங்களைக் கூட்டிட்டு வந்து உக்கார வெச்ச பாவம் எங்களுக்கு. அதுக்கப்புறம் தான் சேட்டுவைப் பிடிச்சோம். கள்ள சிம் வித்ததை எல்லாம் எழுதிக் குடுத்துட்டாரு. வாங்கினது யாருன்னு மட்டும் அவருக்குத் தெரியல. ஆளு சிக்கற வரைக்கும் கடையிலயே இருக்கச் சொல்லி விட்டு வெச்சோம்."

"சிம்மை நான்..." என்று ஆரம்பித்துவிட்டு, ஷ்யாம்சுந்தர் வாயை மூடிக்கொண்டான்.

"தூக்கிப் போட்டுட்டீங்க. நல்லது. ஆனா டாங்கிளுக்குன்னு தனியா ஒரு நம்பர் இருக்கு சார். எந்த சிம் போட்டாலும் அந்த நம்பர் டவருக்குப் போகும். அன்பு அனுப்பின மெயில் இந்த டாங்கிள்ல இருந்து போனது. பத்து நாள் முன்னாடி உங்க மனைவி பேர்ல ஒரு சிம்மோட அது மறுபடி உயிரோட வந்துச்சு. வீட்டுக்காரர் யாருன்னு பாத்தா, பிரணவோட மேனேஜர்."

"அப்புறம் எதுக்கு..."

"எதுக்கு இந்த நாடகம்னு கேக்கறீங்களா? நேரா வந்து கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பீங்க? போன வாரம்தான் ரோட்டுல செகண்ட் ஹேண்ட்ல வாங்கினேன், முன்னாடி யார் வெச்சிருந்தான்னு தெரியாதுன்னு சொல்லியிருப்பீங்க. நான் திரும்பிப் போயிருக்கணும். இப்போ கொலை நடந்த அன்னிக்கு டாங்கிள் உங்க கையிலதான் இருந்துச்சுன்னு நீங்களே சொல்லிட்டீங்க. சாட்சிக்கு ஞாபகம் வராம போனதும், நீங்களே பாடுபட்டு வரவெச்சீங்க."

"குடோன் திருட்டு?"

"கூடுவாஞ்சேரியில எந்த குடோனும் உடையல சார்." ஜெரூஷா குரலைத் தணித்தார். "ஹெச்.ஆர்ல உங்க ஃபைலையும் பாத்தேன். டெலிகாம்ல அஞ்சு வருஷம்னு போட்டிருக்கு. அங்க நிஜமா அஞ்சு நாள் வேலை பாத்திருந்தா இந்த நம்பர் விஷயம் தெரிஞ்சிருக்கும்."

ஜீப்பிலிருந்து ரோஹிணி எப்போது இறங்கினாள் என்று யாரும் கவனிக்கவில்லை. கடை வாசலில் நின்றிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருந்தாள்.

அவள் கத்தவில்லை. அழவில்லை. கணவனை, தெருவில் போகிற யாரோ ஒருவனைப் பார்ப்பதைப் போலப் பார்த்தாள்.

"நம்ம வீட்டுல சாப்பிட்ட பையன்," என்றாள். "எனக்கு அக்கா அக்கான்னு பாத்திரம் எடுத்து வெச்சான்."

ஷ்யாம்சுந்தர் அவள் பக்கம் ஓர் அடி எடுத்து வைத்தான். அவள் இரண்டடி பின்னால் போனாள்.

அன்றைய நாளில் அவனுக்கு உண்மையாக வலித்தது அந்த இரண்டடிதான்.

கான்ஸ்டபிள் போனைப் பையில் வைத்துவிட்டு விலங்கை எடுத்தார். ரோஹிணியை வீட்டில் கொண்டுபோய் விட ஒரு ஆட்டோவை நிறுத்தினார் ஜெரூஷா. சேட்டு கடையின் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, அவராகவே ஜீப்பின் பின்பக்கம் போய் ஏறி உட்கார்ந்துகொண்டார். அவருக்கும் அங்கே ஒரு இடம் இருந்தது.

ஜீப்பில் ஏறும் முன் ஷ்யாம்சுந்தர் நின்றான். தொண்டையைச் செருமினான். நல்லதாக ஒரு வக்கீல் வைத்துக்கொள்ள வேண்டும், நாலைந்து பேரிடம் விசாரித்துப் பார்க்கக் கொஞ்சம் அவகாசம் கிடைக்குமா என்று கேட்டான்.

ஜெரூஷா கதவைத் திறந்துவிட்டார்.

"தாராளமா விசாரிங்க சார். ஆனா ஜெயிச்சா மட்டும்தான் பீஸ்னு ஆஃபர் குடுக்கற வக்கீலைத் தேடாதீங்க... உங்க கேஸ்ல பாவம், அந்தாளு பட்டினி கிடப்பாரு."